முந்நூறு கிலோ யானையும் மூன்று மில்லி கம்பியும்

கணக்கு தெரிந்தவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். இதைச் சொல்கிறவள் கணக்குப் போட்டுத்தான் மாதச் சம்பளம் வாங்குகிறாள். அதுவும் சாதாரணக் கணக்கு இல்லை, கம்பிக் கணக்கு.

என் வேலையை விளக்க ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்கள். அதனால் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அடியில் எண்ணெய்க் குழாய்களுக்காகப் பெரிய பெரிய இரும்புக் கட்டுமானங்களை இறக்கி வைப்பார்கள். சில சமயம் அவற்றைக் கப்பல் மேல் ஏற்றாமல், கப்பலுக்குக் கீழே கம்பியில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே இழுத்துப் போவார்கள். தண்ணீருக்குள் எடை குறைவு, அதனால் சௌகரியம். ஆனால் அலையில் கப்பல் ஏறி இறங்கும்போது அந்தக் கம்பி ஒரு நொடி தொய்யும், அடுத்த நொடி வெடுக்கென்று விறைக்கும். சும்மா தொங்கும்போது கம்பிக்கு இருக்கும் சுமை வேறு, அந்த வெடுக்கில் வரும் சுமை வேறு. அது எத்தனை மடங்கு என்று கண்டுபிடித்து, அந்த எண்ணால் பெருக்கி, அதற்குத் தகுந்த கம்பியைச் சொல்வதுதான் எங்கள் ஆபீஸின் பிழைப்பு. தி. நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், கீழே ஆடித் தள்ளுபடிக் கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருக்க, நாங்கள் நடுக்கடலைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்தப் பெண்ணை இப்போது தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். வேலையில் சேர்ந்து இரண்டே வருஷம். கடலை அவள் பெசன்ட் நகரில் சுண்டல் தின்றபடி பார்த்ததோடு சரி, கப்பலில் கால் வைத்ததில்லை. பேச்சைக் கேட்டால் மட்டும் வங்காள விரிகுடாவுக்கு உப்புப் போட்டவளே அவள்தான் என்று தோன்றும். (வீட்டில் அம்மா ஒரு முறை, “ஏண்டி பூர்ணி, சாம்பாருக்கு உப்பு போட மறந்துடற, கடலுக்கு எப்படி?” என்று கேட்டாள். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.)

அந்த மேதைக்குத்தான் அருணோடு கல்யாணம் முடிவாகியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு இருபது நாள் இருந்தது. எங்கள் வீடு அபிராமபுரம், அவர்கள் அடையாற்றில் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு அப்பார்ட்மெண்ட். அருணின் அம்மா கஸ்தூரி பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆனாலும் அதிகாரம் ரிட்டையர் ஆகாததால் அப்பார்ட்மெண்ட் சங்கத்துக்குச் செக்ரட்டரி.

எல்லாம் பொருந்தி வந்தது, என் வேலையைத் தவிர.

“பேங்க்குன்னா சரி, ஸ்கூல்னா சரி. கப்பலு, கம்பின்னு இதென்னம்மா வேலை? நாளைக்கு நடுக்கடல்ல போய் நில்லுன்னு சொன்னா நிப்பியா?” என்று கேட்டார்.

“நிப்பேன் ஆண்ட்டி” என்றேன். அதைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

“கல்யாணத்துக்கு அப்புறம் பேசாம பி.எட். படிச்சுடு. பக்கத்துலயே நல்ல ஸ்கூல் இருக்கு.”

அருணையும் பிடித்திருந்தது, வேலையையும் பிடித்திருந்தது. இரண்டில் ஒன்று என்றால் எதைச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. அருண் அம்மாவையும் பார்த்தான், என்னையும் பார்த்தான், கடைசியில் மின்விசிறியைப் பார்த்தான்.

இந்த நேரத்தில்தான் யானை வந்து சேர்ந்தது.

அவர்கள் அப்பார்ட்மெண்டின் பின்பக்கம் ஒரு நீச்சல் குளம் உண்டு. அதன் ஆழமில்லாத முனையில் தண்ணீருக்குள் ஒரு சின்ன மேடை கட்டி, அதன்மேல் தும்பிக்கையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் யானை வைப்பது என்று ஆண்ட்டி சங்கத்தில் தீர்மானம் போட்டிருந்தார். மாமல்லபுரத்திலிருந்து முந்நூறு கிலோ கருங்கல் யானைக்குட்டி லாரியில் வந்தது. கொண்டுவந்தவர்கள் அதை உருளைக் குழாய்கள்மேல் ஏற்றித் தள்ளினார்கள். குளக்கரையில் நிற்க வேண்டிய இடத்தில் யானை நிற்கவில்லை. ஆழமான முனையில் ‘தொபுக்’கென்று இறங்கி, அடியில் நாலு காலையும் ஊன்றி, பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பதுபோல நின்றுகொண்டது.

கிரேன் உள்ளே வர வழி கிடையாது. குளத்தைக் காலி செய்யலாம் என்றால் அது மே மாதம். ஆறு லாரித் தண்ணீர். குடிக்கவே லாரிக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்த கோடையில் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டால் நாற்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஆண்ட்டியைத் திறந்துவிட்டிருப்பார்கள். வாட்ஸாப் குழுவில் அதற்குள் கேலி ஆரம்பமாகிவிட்டது. ஆண்ட்டிக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று அருண் சொன்னான்.

நான் விடுவேனா? அன்று மாலையே போய் உட்கார்ந்தேன்.

“ஆண்ட்டி, இதுக்கு எதுக்குக் கிரேன்? நாலு டிரம்மைக் கட்டி ஒரு தெப்பம் செய்யலாம். யானையைத் தரையிலிருந்து அரை அடி தூக்கி, தெப்பத்துக்குக் கீழே தொங்கவிட்டு, தண்ணிக்குள்ளேயே மேடை வரைக்கும் இழுத்துட்டுப் போய், இன்னும் கொஞ்சம் தூக்கி மேல வெச்சுடலாம். தண்ணிக்குள்ள அது நூத்துத் தொண்ணூறு கிலோதான். நாங்க தினம் செய்யறதே இதுதான்.” (நாங்கள் தினம் செய்தது டிபன் பாக்ஸைத் திறப்பதும் எக்ஸெல்லைத் திறப்பதும்.)

ஆண்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். லோன் கேட்டு வந்தவர்களை இப்படித்தான் பார்த்திருப்பார் போல.

“சரி. யானை மேடையில ஏறி நின்னுடுச்சுன்னா உன் வேலையைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“ஏறலைன்னா?” என்று கேட்டான் அருண். இந்த மாதிரி நேரத்தில்தான் அவனுக்கு வாய் திறக்கும்.

“ஏறலைன்னா பி.எட்.” என்றார் ஆண்ட்டி.

அன்றிரவே கணக்குப் போட்டேன். தண்ணீருக்குள் எடை நூற்றுத் தொண்ணூறு. பெருக்க வேண்டிய அந்த எண் மட்டும்தான் பாக்கி. கடல் என்றால் அலைக்குத் தகுந்தபடி ஒன்றரை, இரண்டு, சில சமயம் அதற்கும் மேலே. நீச்சல் குளத்தில் அலை ஏது? ஆகவே ஒன்று. நூற்றுத் தொண்ணூறை ஒன்றால் பெருக்கினேன். விடையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அந்த ஒன்றைப் போட்ட விரலை இன்றைக்கும் எனக்குக் கண்டால் ஆகாது.

மறுநாள் கம்பி வாங்கச் சிந்தாதிரிப்பேட்டை போனேன். கம்பி வடம் விற்கும் சலீம் பாய்க்கு என் வயதுதான் இருக்கும். கடை நிறையக் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“மூணு மில்லி கம்பி” என்றேன்.

“இன்னாத்துக்கு மேடம்?”

“தண்ணிக்குள்ள ஒரு பாரம். நூத்துத் தொண்ணூறு கிலோ.”

“சும்மா தொங்கறதுக்கா, இழுக்கறதுக்கா?”

“இழுக்கறதுக்கு.”

“அப்ப எட்டு மில்லி எடுத்துக்கோங்க. மோட்டாரு இழுக்குதா, ஆளுங்களா?”

“ஆளுங்க.”

“ஆளுங்கன்னா பத்து” என்றார், பொட்டலத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு வருஷம் பி.இ., இரண்டு வருஷம் எம்.டெக். படித்தவளிடம் பிரியாணி தின்றபடி கணக்குச் சொல்கிறாரே என்று. “பாய், மூணு மில்லியே கிட்டத்தட்ட மூணு மடங்கு தாங்கும். தேவைக்கு மேல தடியா போடறது இன்ஜினியரிங் இல்ல, பயம்” என்று அவருக்கு வகுப்பு எடுத்தேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மூன்று மில்லியை வெட்டிக் கொடுத்தார். வாங்க வந்தவளுக்கு வேறு எப்படிச் சொல்வார்?

நாள் குறித்தது ஆண்ட்டி. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் நாலரைக்குள். அது குளிகை நேரம். குளிகையில் எதைச் செய்தாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும், அதனால் நல்ல காரியத்துக்கு உகந்தது என்றார். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் யானை மேடையில் ஏறியாக வேண்டும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்ல நினைத்தேன். பி.எட். ஞாபகம் வந்து சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது வீடும் குளக்கரையில் கூடிவிட்டது. ஒரு பக்கம் நீளமேஜையில் வாழைக்காய் பஜ்ஜி, ரவாகேசரி, ஃபிளாஸ்க்கில் காபி. என் அம்மா அப்பாவும் வந்திருந்தார்கள். தண்ணீர்ப் பஞ்சத்துக்கு எல்லோர் வீட்டிலும் இருக்கும் அந்த நீல டிரம்களில் நான்கை இரவல் வாங்கி, சாரக் குழாய் வைத்துக் கட்டி, நடுவில் சங்கிலி இழுத்தால் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டியிருந்தோம். அப்பார்ட்மெண்டின் பிளம்பர் ஏகாம்பரம் தெப்பத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். முங்கி யானையின் வயிற்றைச் சுற்றிக் கம்பியை மாட்டியதும் அவர்தான்.

“மேடம், இது கொசுவலை கட்டத்தான் ஆவும்” என்றார் கம்பியைத் தடவிப் பார்த்து.

“கணக்குப் போட்டிருக்கேன், ஏகாம்பரம்.”

“அப்ப சரி” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்துக் கரையிலிருந்த வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார்.

தெப்பத்தை இழுக்க நான்கு அங்கிள்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லோரும் வாக்கிங் ஷூ. தலைவர் பத்மநாபன் அங்கிள், வருஷா வருஷம் மயிலாப்பூரில் பங்குனித் தேர் இழுக்கிறவர். நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்முனைக் கரையில் நின்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் பஜ்ஜி மேஜை.

மூன்றே காலுக்கு ஏகாம்பரம் சங்கிலியை இழுத்தார். யானை மெதுவாகத் தரையை விட்டு எழும்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். தண்ணீருக்குள் அந்தக் கருங்கல் குட்டி அரை அடி உயரத்தில் அசையாமல் மிதப்பதைப் பார்த்து எனக்கே உடம்பு சிலிர்த்தது. அந்த நிமிஷம் நான் சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தேன். ஆண்ட்டி என் அம்மாவிடம், “பரவாயில்லையே உங்க பொண்ணு” என்று சொன்னது காதில் விழுந்தது. அதோடு கடையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“அங்கிள், மெதுவா, விடாம ஒரே சீரா இழுங்க” என்றேன். முதலில் அப்படித்தான் இழுத்தார்கள். தெப்பம் நகர்ந்தது, ஆனால் மாநகரப் பேருந்து மவுண்ட் ரோட்டில் நகர்வதுபோல நகர்ந்தது. தண்ணீருக்குள் ஒரு பொருளை நகர்த்தினால் அது தனியாக வராது, சுற்றியிருக்கும் தண்ணீரையும் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும்தான் வரும். இது என் ஆபீஸில் முதல் வாரப் பாடம். குளத்தின் பாதியைக் கடப்பதற்குள் மணி நாலே கால்.

“பூர்ணிமா, மணியைப் பாரு” என்றார் ஆண்ட்டி.

நாலு இருபது. ஆண்ட்டி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். என் கண் முன்னால் பி.எட். வகுப்பறை, கரும்பலகை, சாக்பீஸ் எல்லாம் தெரிந்தன. அப்போது நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்:

“அங்கிள், கொஞ்சம் வேகமா!”

பத்மநாபன் அங்கிள் இதற்காகத்தான் காத்திருந்தார்.

“பிடிங்கப்பா! ஏலேலோ…”

“ஐலசா!” என்றார்கள் மற்ற மூன்று பேரும்.

தமிழ்நாட்டில் நாலு பேர் ஒரு கயிற்றைப் பிடித்தால் ஒரே சீராக இழுக்க மாட்டார்கள். பாட்டுப் பாடி, ஒரு இழு, ஒரு மூச்சு, ஒரு இழு என்றுதான் இழுப்பார்கள். தேருக்கு அது சரி. தேர் சக்கரத்தில் நிற்கிறது, கம்பியில் தொங்கவில்லை. இங்கே முதல் ஐலசாவுக்குத் தெப்பம் முன்னால் பாய்ந்தது, யானை பின்தங்கியது. அவர்கள் மூச்சு வாங்கிய நேரத்தில் யானை ஊஞ்சல்போல முன்னால் வந்தது. சரியாகப் பின்னால் போகும் நேரம் பார்த்து அடுத்த ஐலசா. ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டுகிறவர்கள்கூட இத்தனை நேரம் தவறாமல் தள்ளமாட்டார்கள்.

“நிறுத்துங்க! விட்டு விட்டு இழுக்காதீங்க!” என்று கத்தினேன். கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து ஐலசா போட ஆரம்பித்துவிட்டார்கள். என் அப்பாவும்.

“மேடம், யானை ஆடிக்கினு கீது!” என்று அலறினார் ஏகாம்பரம். “தெப்பம் குதிக்கிது மேடம்!”

தெப்பத்தின் மூக்கு ஒரு முறை கீழே போனது. கம்பி தொய்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த அரை நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்து பிரயோஜனம் என்ன? மூக்கு மேலே வந்தது. வெடுக். நான் இரண்டு வருஷமாகக் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்த அதே வெடுக், முதல் முறையாக நேரில்.

‘டப்’பென்று கம்பி அறுந்தது. பாரம் போன தெப்பம் துள்ளி எழும்ப, ஏகாம்பரம் ஒரு கணம் ஆகாயத்தில் உட்கார்ந்த நிலையில் இருந்துவிட்டுத் தண்ணீரில் விழுந்தார். இழுத்துக்கொண்டிருந்த நான்கு அங்கிள்களும் அப்படியே பின்னால் சாய்ந்து பஜ்ஜி மேஜையோடு போனார்கள். பத்மநாபன் அங்கிள் கேசரியில் உட்கார்ந்தார், ஆனால் கயிற்றை விடவில்லை. யானை மட்டும் அமைதியாகச் சரிவில் சறுக்கிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே திரும்பிப்போய், அங்கே அடியில் இருந்த வடிகால் மூடியை உடைத்துக்கொண்டு நின்றது.

எல்லோரும் குளத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு வாட்ச்மேன், “தண்ணி எறங்குது மேடம்” என்றார்.

மூடியோடு அதன் கீழே இருந்த குழாயும் உடைந்திருந்தது. எந்த ஆறு லாரித் தண்ணீரைக் காப்பாற்றத்தான் இத்தனை கூத்தும் நடந்ததோ, அந்தத் தண்ணீர் நிதானமாக மழைநீர்க் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. மணி நாலரை. ராகு காலம் பிறந்தது.

நான் மோட்டார் அறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். நாசூக்காக அல்ல, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். வேலை போனது, மானம் போனது, அருணும் போய்விடுவான் என்று நினைத்தேன். சலீம் பாயின் முகம் வேறு கண் முன்னால் வந்து, ‘ஆளுங்கன்னா பத்து’ என்றது. அருண் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையைக் கொடுத்தான். அதில் பஜ்ஜி எண்ணெய். பின்னாலேயே ஆண்ட்டி வந்தார்.

எழுந்து நின்றேன். “எந்தக் காலேஜ்ல பி.எட். சேரணும் ஆண்ட்டி?” என்று கேட்டேன்.

“பி.எட்.டா?” என்றார். “உன்கிட்ட பிள்ளைங்களை நம்பி யாரும்மா அனுப்புவா? ஒரு மத்தியானத்துக்கே இந்தக் கதி. நீ வேலையை விட்டுட்டு வீட்ல உக்காந்தா, பொழுது போகாம இந்தக் கட்டடத்தையே தூக்கிப் பாக்கலாம்னு உனக்குத் தோணும். பேசாம ஆபீஸுக்கே போ. இந்தக் கணக்கையெல்லாம் நடுக்கடல்ல போட்டுக்கோ. அங்க நாற்பது வீட்டுக்காரங்க கிடையாது.”

இதை அவமானம் என்று எடுத்துக்கொள்வதா, வரம் என்று எடுத்துக்கொள்வதா? அழுதுகொண்டே சிரித்தேன். ஆண்ட்டிக்கும் உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. செக்ரட்டரி இல்லையா?

செவ்வாய்க்கிழமை குளம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வறண்டது. ஏகாம்பரம் நாலு ஆட்களோடு இரண்டு பலகையும் உருளைக் குழாய்களும் கொண்டுவந்து, முக்கால் மணி நேரத்தில் யானையை மேடையில் ஏற்றினார். “தண்ணி இல்லாட்டி வெய்ட்டு ஜாஸ்தின்னு சொன்னியே மேடம், எப்டி ஏறுச்சு?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். விழுந்ததில் வால் நுனி உடைந்த அந்த யானை இன்றும் அங்கேதான் நிற்கிறது.

கல்யாணத்தன்று அருண் தாலியைக் கையில் எடுத்தபோது, பத்மநாபன் அங்கிள் முன்வரிசையிலிருந்து மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, “கயிறு யாரு வாங்கினது? பொண்ணு இல்லியே?” என்றார். நாதஸ்வரக்காரர் சிரித்ததில் கெட்டிமேளம் ஒரு நொடி பிந்தியது.

எட்டு வருஷம் ஆகிறது. இப்போது இரண்டு முறை நடுக்கடலுக்கும் போய்வந்துவிட்டேன். ஆபீஸில் புதிதாகச் சேர்கிறவர்கள் கணக்கைக் கொண்டுவந்தால் முதலில், “கம்பியை யார் இழுக்கறாங்க?” என்றுதான் கேட்கிறேன். காரணம் சொல்வதில்லை. வீட்டில்தான் அது ஓயவில்லை. விருந்துக்கு அரிசி போட்டாலும், ரயிலுக்குக் கிளம்ப நேரம் கணக்குப் பார்த்தாலும், “யானையைச் சேத்தாச்சா?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்று ஆண்ட்டி சொன்னதை நான் நம்பாதது என் தப்பு.

அறுந்த அந்த மூன்று மில்லி கம்பியை அத்தை (கல்யாணத்துக்குப் பிறகு ஆண்ட்டி அத்தையாகிவிட்டார்) தூக்கிப் போடவில்லை. பால்கனியில் கொடியாகக் கட்டியிருக்கிறார். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் யாராவது வந்து, குளித்துவிட்டு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால் போதும், உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்:

“அதுல ரெண்டு துண்டுக்கு மேல போடாதீங்க. எங்க மருமக கணக்குப் போட்டு வாங்கின கம்பி அது!”